குமிழி வராத ஐந்து குழாய்கள்

போன வாரம் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என் மனைவி ஸ்டெல்லா சாப்பிட மறுத்துவிட்டாள். காய்ச்சல் இல்லை. என்னோடு சண்டையும் இல்லை. ஆபீசில் ரிசல்ட் ரொம்ப நன்றாக வந்துவிட்டதாம். அதனால் சோறு இறங்கவில்லையாம்!

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு ஸ்டெல்லாவைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரி. ஆஸ்டல் நிறையப் பிள்ளைகள். அவர்கள் குளித்தது, துவைத்தது, கழுவியது எல்லாம் வளாகத்தின் பின்பக்கம் இருக்கிற கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்து சேரும். அங்கே ஒரு சின்ன லேப். அதில் அவள் கெமிஸ்ட். உள்ளே வருகிற தண்ணீர் எவ்வளவு அழுக்கு, வெளியே போகிற தண்ணீர் எவ்வளவு சுத்தம் என்று அளந்து சொல்வதுதான் வேலை. விழுப்புரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள்.

கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் கேட்பார்கள். "சாக்கடைத் தண்ணிய இன்னாத்துக்கும்மா அளக்கறது? பாத்தாலே தெரியாதா?"

தெரியாது. அதுதான் விஷயமே. அந்த நிலையத்தின் கடைசித் தொட்டியில் தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கும். முகம் பார்த்துத் தலை வாரலாம். ஆனால் அதில் வயிற்றைக் கலக்கும் கிருமி இருக்கிறதா இல்லையா என்பதைக் கண் சொல்லாது. அதற்கு ஒரு டெஸ்ட்.

ஐந்து கண்ணாடிக் குழாய். ஒவ்வொன்றிலும் கிருமிக்குத் தீனியாக ஒரு கஷாயம். அதற்குள்ளே சுண்டுவிரல் நகம் அகலத்தில் இன்னொரு குட்டிக் குழாய், தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருக்கும். இதில் சாம்பிள் தண்ணீரை விட்டு, கதகதப்பான பெட்டிக்குள் இரண்டு நாள் வைத்துவிடுவார்கள். கிருமி இருந்தால் கஷாயத்தைத் தின்று வாயு விடும். அந்த வாயு குட்டிக் குழாயின் உச்சியில் ஒரு குமிழியாக வந்து நிற்கும். குமிழி வந்தால் கெட்டது. வராவிட்டால் நல்லது. அவ்வளவுதான்.

ஐந்தில் இரண்டோ மூன்றோ குமிழி விடுவது அங்கே வழக்கம். இந்த முறை ஒன்றில்கூட இல்லை. அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கல்லூரி மேனேஜரிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

"நல்லதுதானே? எனக்கு சுகர் நார்மல்னு வந்தா நான் ஜிலேபி வாங்கிக் கொண்டாடுவேன்" என்றேன்.

"மூணு நாள் இனிப்பத் தொடாம இருந்துட்டு டெஸ்ட் எடுக்கற ஆளுதானே நீங்க?" என்றாள். உண்மைதான். நீங்களும் அப்படித்தான் என்று எனக்குத் தெரியும். நமக்கெல்லாம் உடம்பு நன்றாக இருக்கவேண்டும் என்பதைவிட ரிப்போர்ட் நன்றாக இருக்கவேண்டும் என்ற ஆசை அதிகம்.

அவள் கவலைக்குக் காரணம் இருந்தது. கல்லூரிக்குப் பக்கத்து நிலம் ஏழுமலை அண்ணனுடையது. இரண்டு ஏக்கர். அவருடைய போர்வெல் அரை மணி நேரம் ஓடினால் காற்றுதான் வரும். சுத்திகரித்த தண்ணீரைக் கல்லூரி அவருக்கு ஒரு பைப்பில் விட்டிருந்தது – மாட்டுத் தீவனப் புல்லுக்கு மட்டும். அவர் ஒரு ஓரமாகக் கொத்தமல்லி போட்டுவிட்டார். அதற்கும் இந்தத் தண்ணீர் வேண்டும் என்று மூன்று வாரமாக நடையாய் நடந்தார். 'இந்தத் தடவை கிருமி டெஸ்டில் பாஸ் ஆனால் அனுமதிக் கடிதம்' என்றது நிர்வாகம்.

புல் என்றால் மாடு தின்னும். கொத்தமல்லியை யார் தின்பது? நாம்! அதுவும் பச்சையாக. ரசத்தின் மேலே கிள்ளிப் போட்டு, சட்னியாக அரைத்து... திண்டிவனம் மார்க்கெட்டில் இறங்குகிற கட்டு எத்தனை வீட்டுக்குப் போகும் என்று யாருக்குத் தெரியும்?

"பெட்டி சூடு சரியா இருந்துச்சி. கஷாயம் சரியா இருந்துச்சி. பக்கத்துலயே சுத்தம் பண்ணாத தண்ணிய ஒரு குழாய்ல வச்சிருந்தேன், அதுல கும்முனு குமிழி. போடற குளோரின் அளவும் எப்பவும் போலத்தான். அப்புறம் எப்படிங்க பூஜ்யம்?" என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தவள் சட்டென்று என் பக்கம் திரும்பினாள்.

"ஆமா... ஞாயித்துக்கிழமை அந்தச் சின்ன பாட்டில்ல நீங்கதானே தண்ணி புடிச்சீங்க? அலசுனீங்களா?"

கேட்ட தொனி சரியில்லை. இருபத்தாறு வருடக் கல்யாண வாழ்க்கையில் அந்தத் தொனிக்கு நான் ஒரே ஒரு பதில்தான் பழகி வைத்திருக்கிறேன்.

"நானா? நான் எதுக்கு அலசறேன்?"

அலசினேன்.

நடந்ததைச் சொல்கிறேன். ஸ்டெல்லா எப்போதும் ஞாயிற்றுக்கிழமைதான் சாம்பிள் எடுப்பாள். அன்றுதான் ஆஸ்டல் பிள்ளைகள் மொத்தமாகத் துணி துவைத்து, எண்ணெய் தேய்த்துக் குளிப்பார்கள். நிலையத்துக்கு ஆகக் கஷ்டமான நாள் அது. 'மோசமான நாளில் எடுத்தால்தான் அளவு' என்பது அவள் கட்சி. அந்த ஞாயிறு அவளுடைய உதவியாளர் வீட்டில் காதுகுத்து. சர்ச்சில் காலைப் பூசை முடிந்ததும் பைக்கில் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

"பெரிய கேன் எல்லாத்தையும் அந்தத் தண்ணியிலயே மூணு தடவை அலசிட்டு, அப்புறம் ரொப்புங்க" என்று சொல்லிக் கொடுத்தாள். செய்தேன். நன்றாகவே செய்தேன். கடைசியாகக் குளோரின் போட்ட தொட்டி. அங்கே ஒரு சின்னக் கண்ணாடி பாட்டில், வாயில் பிரவுன் பேப்பர் கட்டி, தனியாக வைத்திருந்தாள். அந்த நேரம் பார்த்து ஏழுமலை அண்ணன் வேலி ஓரம் வந்து "மேடம், மேடம்" என்று கூப்பிட, அவள் போய்விட்டாள். வெயில் மண்டையைப் பிளந்தது. சும்மா நிற்பானேன் என்று பேப்பரைப் பிரித்தேன். அடியில் இரண்டு சொட்டு ஈரம். சரியாகக் காயவைக்காமல் கொண்டு வந்துவிட்டாளே என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் குடத்தையும் அலசாமல் நிரப்ப மாட்டோம், தண்ணீர் பாட்டிலையும் அலசாமல் நிரப்ப மாட்டோம். மூன்று தடவை அலசினேன். ஒரு தடவை கூடுதலாகவும் அலசினேன், அதுவும் என் நல்ல மனசு. பிறகு நிரப்பி, பேப்பரைப் பழையபடி கட்டி வைத்தேன். அவள் திரும்பி வந்து பார்த்து, "ஓ, புடிச்சிட்டீங்களா?" என்று சொல்லி ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டாள். சீட்டில் 'சாம்பிள் எடுத்தவர்' என்ற இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டாள். நான் அங்கே வேலை செய்கிறவன் இல்லையே.

செவ்வாய் சாயங்காலம் பொய் சொன்னபோது, அலசினால் என்ன தப்பு என்றே எனக்குத் தெரியாது. தெரியாமல் சொன்ன பொய்தான். ஆனாலும் பொய். இதே பக்கத்தில் உண்மை, நேர்மை என்று எத்தனை வாரம் உங்களிடம் அளந்திருக்கிறேன்? அதையெல்லாம் கத்தரித்து வைத்திருக்கும் வாசகர் ஒருவர் செஞ்சியில் இருக்கிறார். அவர் முகம் வேறு நினைவுக்கு வந்தது.

புதன்கிழமை காலை இட்லித் தட்டை இறக்கிக்கொண்டிருந்தவளிடம், போகிற போக்கில் கேட்பது போலக் கேட்டேன்.

"அந்தச் சின்ன பாட்டில அலசுனாத்தான் என்ன இப்போ?"

"அதுல தயோசல்பேட் ரெண்டு சொட்டு வுட்டு வச்சிருப்போங்க. குளோரின முறிக்கிற மருந்து. அது இல்லன்னா, பாட்டில்குள்ள இருக்கற குளோரின் லேபுக்கு வர்ற வரைக்கும் கிருமிய கொன்னுக்கினே இருக்கும். பைப்புல போறப்ப எவ்ளோ கிருமி உயிரோட போச்சின்னு தெரியாது. பாட்டில் மட்டும் சுத்தமாயிடும்."

இரண்டு சொட்டு. நான் ஈரம் என்று நினைத்துக் கவிழ்த்துக் கொட்டியது.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. ஏழுமலை அண்ணன். அவள் கையில் மாவு. ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம், லெட்டர் குட்த்துட்டாங்க மேடம்! ரொம்ப தேங்ஸ் மேடம். பயிரு வாடிக்கினு கெடக்குது. வால்வு தொறக்கப் போய்க்கினே இருக்கேன்."

"அண்ணே, ஒரு நிமிஷம்..." என்றாள் ஸ்டெல்லா. லைன் போய்விட்டது.

"ஸ்டெல்லா, நான் அலசினேன்" என்றேன். "நாலு தடவை."

திட்டியிருந்தால் தேவலை. அவள் என்னைப் பார்த்தாள், அடுப்பை அணைத்தாள், கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். ஏழுமலை அண்ணன் எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தாள். எடுக்கவில்லை. நிலையத்து ஆபரேட்டருக்கு அடித்தாள் – ஷிப்ட் மாறுகிற நேரம், மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மேனேஜர் எடுத்தார். "லெட்டர் குடுத்தாச்சே மேடம்? நீங்க சைன் போட்ட ரிப்போர்ட்தானே? நீங்க வாங்க, பொறுமையா பேசலாம்" என்றார். வால்வு இருப்பது ஏழுமலை அண்ணன் நிலத்தில். யாராவது நேரில் போய் மூடினால்தான் உண்டு.

"பைக் எடுங்க" என்றாள். அன்று காலையில் என்னிடம் பேசிய வார்த்தை அது ஒன்றுதான்.

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் நான் எத்தனையோ முறை போயிருக்கிறேன். அவ்வளவு நீளமான ரோடு என்று அன்றுதான் தெரிந்தது. விக்கிரவாண்டி டோல்கேட்டில் கரும்பு லாரி ஒன்று குறுக்கே நின்றது. கூட்டேரிப்பட்டில் மினி பஸ் ஆள் ஏற்றியது. பின்னால் உட்கார்ந்து அவள் போனை அடித்துக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு முறையும் ரிங் போய்க் கட் ஆகும் சத்தம் என் முதுகில் கேட்டது. என் புத்தி கணக்குப் போட்டது. இத்தனை நிமிடம் என்றால் எத்தனை பாத்தி? தண்ணீர் பாய்கிற வேகம் என்ன? நேற்று சாயங்காலம் கேட்ட உடனேயே சொல்லியிருந்தால்?

நிலத்துக்கு வந்தபோது வால்வு திறந்திருந்தது. தண்ணீர் சலசலவென்று ஓடிக்கொண்டிருந்தது. தெளிவான, அழகான தண்ணீர். ஏழுமலை அண்ணனின் போன், மோட்டார் கொட்டகைச் சுவரில் சார்ஜில் தொங்கிக்கொண்டிருந்தது.

"இன்னா மேடம், ஆபீசுக்குப் போவாம இங்க ஓடியாறீங்க?" என்று மண்வெட்டியோடு நிமிர்ந்தார் ஏழுமலை அண்ணன். முகம் முழுக்கச் சிரிப்பு.

"அண்ணே, ஜல்தியா வால்வ மூடுங்க. அப்புறம் சொல்றேன்."

மூடினார். சிரிப்பு மட்டும் மெல்ல இறங்கியது. அப்போதுதான் நாங்கள் அதைப் பார்த்தோம். வரப்பில் ஒரு குழந்தை, மூன்று வயது இருக்கும், அவருடைய பேத்தி. காலெல்லாம் ஈரம். கையில் கொத்தமல்லி இலை. வாய் அசைந்துகொண்டிருந்தது.

ஸ்டெல்லா செருப்போடு சேற்றில் இறங்கி ஓடிக் குழந்தையைத் தூக்கினாள். வாயில் விரலை விட்டு இலையை எடுத்தாள். அது வீறிட்டு அழுதது.

"எந்தப் பாத்தில கிள்ளுச்சி? தண்ணி பாஞ்சதா, பாயாததா?" என்றாள். அவள் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

"யாருக்குத் தெரியும்? எப்பவும் இங்கதான் உக்காந்து கிள்ளித் தின்னுக்கினு இருக்கும். இன்னா மேடம் ஆச்சி? பூஜ்யம்னு போட்ருந்தாங்களே?"

"நான் போட்டது தப்புண்ணே. சாம்பிள் எடுத்ததுல தப்பு ஆயிடுச்சி."

'நான்' என்றாள்.

"மேடம் இல்லைங்க, நான்தான்" என்றேன். பாட்டிலை அலசியதைச் சொன்னேன். நேற்றே கேட்டபோது இல்லை என்று சொன்னதையும் சொன்னேன்.

ஏழுமலை அண்ணன் மண்வெட்டியைக் கீழே போட்டார். "படிச்சவங்க நீங்க" என்றார். பிறகு ஸ்டெல்லாவிடம் திரும்பினார். "மூணு பாத்தி பாஞ்சிடுச்சி மேடம். இன்னா பண்றது அத்த?"

"விக்கக்கூடாதுண்ணே. மறுபடி டெஸ்ட் பண்ணி ரெண்டு நாள்ல சொல்றேன். அதுவரைக்கும் இந்தத் தண்ணி புல்லுக்கு மட்டும்."

"இந்த வெய்யிலுக்கு ரெண்டு நாளு தாங்குமா மேடம் மீதி? பேஜாராப் பூட்ச்சே" என்றார். அவர் போய் மாட்டை அவிழ்த்துக்கொண்டு வந்தார். மூன்று வாரம் வளர்த்த அந்த மூன்று பாத்தியில் விட்டுவிட்டு, அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். மாடு ஆசையாக மேய்ந்தது.

அன்றே ஸ்டெல்லா புது பாட்டிலில் சாம்பிள் எடுத்தாள். பழைய ரிப்போர்ட் செல்லாது என்று எழுதிக் கொடுத்தாள். "உங்க பேருக்குத்தான் மேடம் கெட்ட பேரு. அடுத்த மாசம் சேர்த்துப் பாத்துக்கலாமே?" என்றாராம் மேனேஜர். 'சாம்பிளை நான் எடுக்கவில்லை, எடுத்ததாகக் கையெழுத்துப் போட்டது என் தவறு' என்று ஒரு வரி கூடுதலாக எழுதி அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

பிறகு அந்த இரண்டு நாள். வியாழக்கிழமை காலை, மதியம், சாயங்காலம் மூன்று வேளையும் ஸ்டெல்லா ஏழுமலை அண்ணனுக்குப் போன் போட்டாள். "பாப்பாவுக்கு வயிறு எப்படி இருக்கு? காய்ச்சல் எதுனா?" ஒவ்வொரு முறையும் அவர் பதில் சொல்கிறவரை நான் மூச்சை விடவில்லை. "நல்லாத்தான் மேடம் ஓடிக்கினு கீது" என்பார். அடுத்த வேளை வரைக்கும் அதை வைத்து ஓட்டுவோம். எனக்குப் பேப்பர் படிக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தை இருமினால்கூடத் திடுக்கென்றது. ஸ்டெல்லா மோரைத் தவிர எதையும் தொடவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் லேபிலிருந்து போன் செய்தாள்.

"அஞ்சுலயும் குமிழிங்க."

ஐந்திலும்! நாங்கள் பயந்ததைவிட மோசம். குளோரின் தொட்டியின் அடியில் சேறு படிந்து, போடுகிற குளோரினை அதுவே குடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அந்தச் சேற்றை நம் பூஜ்யம் இன்னும் எத்தனை மாதம் மூடி மறைத்திருக்குமோ? அன்றிரவு அவள் வந்து, கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்து, இரண்டாம் தடவை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். நான்தான் பரிமாறினேன்.

சனிக்கிழமை தொட்டியைக் காலி செய்து சேற்றை வாரினார்கள். ஏழுமலை அண்ணன் தன் போரில் வருகிற அரை மணி நேரத் தண்ணீரைக் குடத்தில் பிடித்து, மீதிப் பாத்திகளுக்குக் கையால் தெளித்துக்கொண்டிருக்கிறாராம். பாதி காய்ந்துவிட்டது. பாதி இருக்கிறது. அந்தப் பாதிக்கு முன்னால் நான் எந்த முகத்தோடு போய் நிற்பது? அதனால் நேற்று ஞாயிறு மறுபடியும் சாம்பிள் எடுக்கப் போனபோது வேலிக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டேன். பெரிய கேன்களை மட்டும் என்னிடம் கொடுத்தாள். சின்ன பாட்டில் கடைசிவரை அவள் கைப்பையிலேயே இருந்தது.

குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்றுவரை இல்லை. இதை எழுதிவிட்டு ஒரு நிமிடம் பேனாவை வைத்துவிட்டேன், சொல்வதற்கே பயமாக இருக்கிறது.

குழாய்கள் பெட்டிக்குள் போய் இன்றோடு ஒரு நாள்தான் ஆகிறது. இன்னும் ஒரு நாள் பாக்கி. எழுதிக்கொண்டிருக்கும்போதே ஸ்டெல்லாவின் போன் அடித்தது. ஏழுமலை அண்ணன்தான். இப்போதெல்லாம் அவர் வணக்கம்கூடச் சொல்வதில்லை.

"குமிழி வந்துச்சா மேடம்?"

"இதுவரைக்கும் எதுலயும் இல்லண்ணே. நாளைக்கு வரைக்கும் பொறுங்க" என்றாள் ஸ்டெல்லா. சொல்லிவிட்டு, மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

நான் தொடவே இல்லை என்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன்.